அக்கா இத்தா இருந்த வீடு

1

மச்சான் மௌத்தாகிவிட்டார் என்று தென்காசியிலிருந்து போன் வந்தபோது நான் ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே என்ற ஊரில் நர்ஸ் வேலை. வந்து ஏழு வருஷம் ஆகிறது. மச்சான் என்று நான் சொல்வது என் ஒரே அக்கா மைமூனின் கணவரை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் அவர்கள் வீடு. முன்பக்கம் பலசரக்குக் கடை, பின்னால் இவர்கள் குடியிருப்பு, மாடியில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட மூன்று அறைகள். அன்று காலை கடையைத் திறந்து, முதல் ஆளுக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பொட்டலத்தைக் கட்டிக்கூட முடிக்கவில்லை என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

என்னால் போக முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியது ‘பரிசீலனையில்’ இருந்தது. இந்த நிலையில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டால் முதலில் இசை கேட்கும். இசை முடிந்ததும் ஒரு பெண் குரல் என் பொறுமைக்கு நன்றி சொல்லும். எனக்குப் பொறுமை இருப்பதாக அவளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

வார்டு மேலாளர் நல்ல பெண். இறந்தவர் என்ன உறவு என்று கேட்டாள். அக்காவின் கணவர் என்றேன். அந்த உறவுக்கு ஒரு நாள் விடுப்பு உண்டு என்றாள். எங்கள் வாப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், என்னை நர்ஸிங் படிக்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏற்றிவிட்டவர் மச்சான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலத்தில் அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. அதனால், “என் அக்கா இனி நான்கு மாதம் உட்கார்ந்திருப்பாள்” என்று உளறினேன். “எங்கே உட்கார்ந்திருப்பாள்?” என்று அவள் நிஜமான கவலையோடு கேட்டாள்.

2

நம் ஊர் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்பது குர்ஆன் சொல்வது. அதுதான் இத்தா. அந்தக் காலம் முடியும்வரை மறுமணம் இல்லை, அலங்காரம் இல்லை. இவ்வளவுதான் அடிப்படை. ஆனால் எங்கள் தெருவில் இத்தா என்றால் அது ஒரு அறை. வாசலில் கனமான திரை. கண்ணாடிக்கு மேல் துணி. சுவரில் தொங்கும் காலண்டரில் ஆண் படம் இருந்தால் திருப்பி மாட்டுவார்கள். டிவிக்கும் ஒரு போர்வை.

என் சின்ன மகன் ரயானுக்கு ஆறு வயது. வீடியோவில் பெரியம்மாவுக்கு சலாம் சொல்ல ஆசையாக வந்தான். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்த மாமி ஒருத்தி, “ஐயோ, ஆம்பளப் பிள்ளைலா வருதான்!” என்று கத்திப் போனைக் கவிழ்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் எங்களுக்கு மேலகரத்துப் பாயின் கோரை மட்டும் தெரிந்தது. ரயான் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அழுதான்.

அது சீசன் தொடங்கும் நேரம் வேறு. சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் கார் நிற்கிறது, தலையில் எண்ணெயோடு ஆட்கள் இறங்குகிறார்கள், “ஐந்தருவியில தண்ணி விழுதா?” என்று கேட்கிறார்கள், மாடி அறை காலியா என்று கேட்கிறார்கள். வருஷா வருஷம் அவர்களுக்கு வெந்நீர் வைத்து, அறைக்குச் சாவி கொடுத்து, ஈரத்துணியை மாடிப்படியில் பிழியாதே என்று சண்டை போட்ட அக்கா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கார் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஷேக் அண்ணன் வந்தார். மச்சானின் தம்பி. தம்மாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு, கம்பெனி மூடியதால் போன வருஷம்தான் மொத்தமாகத் திரும்பியவர். அங்கிருந்தபோதே அவருக்கு மார்க்கத்தில் ஒரு வேகம் வந்துவிட்டது. எதற்கும் ஆதாரம் கேட்பார். குர்ஆனில் இருக்கிறதா, நபிமொழியில் இருக்கிறதா. இரண்டிலும் இல்லையென்றால் தூக்கிப்போடு என்பார். வந்தவர் திரைக்கு வெளியே நின்றபடியே சொன்னதை அக்கா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

“மைனி, கண்ணாடிக்குத் துணி போடச் சொல்லி எங்கன இருக்கு? டிவிக்குப் போர்வை போடச் சொல்லி எந்த ஹதீஸ்ல இருக்கு? எல்லாத்தையும் எடுங்க. அசரத்துமாரு சொன்னாங்க, பெரியவங்க சொன்னாங்கன்னு எத்தனை நாளைக்குத்தான் இருக்கப் போறிய?”

துணி போயிற்று. போர்வை போயிற்று. அதோடு மூன்றாம் பாத்திஹாவும் போயிற்று. ஓத வந்த பள்ளிவாசல் அசரத்தை ஷேக் அண்ணன் வாசலிலேயே மறித்து, இறந்தவருக்காக சோறாக்கி ஓதுவதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார். அசரத் வயதானவர், சத்தம் போடாதவர். “ஓதாமப் போறேன் தம்பி. ஆக்கின சோத்தையாவது நாலு பேருக்குக் குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஆனால் ஷேக் அண்ணன் அக்காவுக்கு ஒரு நல்லதும் செய்தார். அரபி மூலத்தோடு தமிழாக்கம் உள்ள குர்ஆன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “நீங்களே வாசிங்க மைனி. இடையில ஒருத்தரும் வேண்டாம்” என்றார். அக்கா அரபியில் எத்தனையோ தடவை முழுக்க ஓதி முடித்தவள். பொருள் தெரிந்து ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை. நானும் அப்படித்தான்.

3

இங்கே கால்வேயில் மழையைப் பற்றி ஊர்க்காரர்கள் கேட்பார்கள். குற்றாலச் சாரல் மாதிரியா என்று. இல்லை. சாரல் மேலே விழும், இது பக்கவாட்டில் வந்து அறையும். அந்த மழையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை ஓத வைக்க ஒரு வாடகை ஹாலுக்கு அழைத்துப் போகிறேன். அதுதான் எங்கள் தொழுகை இடம். சூடான்காரர், மொரோக்கோக்காரர், வங்காளி, மலேசியப் பெண்கள் என்று எல்லோரும் இருப்போம். கையை நெஞ்சில் கட்டுகிறவர் பக்கத்தில் வயிற்றில் கட்டுகிறவர், அவர் பக்கத்தில் கட்டாமலே தொங்கவிடுகிறவர். பெருநாள் எந்த நாள் என்று முடிவு செய்வதற்குள் பாயசம் ஆறிவிடும்.

என் மகள் அஃப்ராவுக்குப் பதினைந்து வயது. ரியாத்தில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. வெளிநாட்டில் பெண் பிள்ளை வளர்க்கிற எல்லோரையும் போல நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன்: என்ன உடுத்துவாள், யாரோடு போவாள், மார்க்கத்தை விட்டுவிடுவாளோ என்று. நடந்தது வேறு. அவள் மார்க்கத்துக்குள் என்னைவிட வேகமாகப் போய், அங்கே எனக்குத் தெரியாத ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டாள். இணையத்தில் ஒரு வகுப்பு. நடத்துகிறவர் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் ஒரு பெண். ஒரு வசனம் எந்தச் சூழலில் இறங்கியது, அன்றைய சமூகத்தில் அது எதை மாற்றியது, இன்றைக்கு அந்த நோக்கத்தை எப்படி நிறைவேற்றுவது என்று போகும் வகுப்பு. அவள் வழிதவறிப் போனால் இழுத்துப் பிடிக்க நான் தயாராக இருந்தேன். என்னைக் கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“உம்மா, பெரியம்மா எதுக்கு ரூம்ல இருக்கணும்? அது அந்தக் காலத்துல கர்ப்பமா இல்லையான்னு பார்க்கிறதுக்கு. பெரியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. காரணமே இல்லையே.”

அடுத்த நாள் அசரத்திடம் போனில் பேசும்போது இதை என் கேள்வியாகவே கேட்டேன். அவர் சிரித்தார். “கர்ப்பம் மட்டும்தான் காரணம்னா கிழவிக்கு இத்தா இருந்திருக்காதுலாம்மா. அவளுக்கும் இருக்கு. காரணத்தை அல்லா சொல்லல, நாமளாத்தான் ஒண்ணைச் சொல்லிக்கிடுதோம். சொல்லிக்கிட்ட காரணம் போச்சுன்னா சட்டமும் போச்சுன்னு எப்படிச் சொல்ல?” என்றார். அதை அஃப்ராவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, “நல்ல பதில்” என்றாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவள் போல.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் சரியாகவே பேசினார்கள். நடுவில் என் அக்கா ஒரு அறையில் இருந்தாள்.

4

இப்போது என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அக்கா இங்கே வேண்டும். அவருக்கு, என் கணவருக்கு, டப்ளினில் வேலை. வார இறுதியில்தான் வீடு. எனக்கு வாரத்தில் பாதி இரவுப் பணி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இனி அங்கே யார் இருக்கிறார்கள்? இங்கே கொண்டுவந்துவிட்டால் அவளுக்கும் துணை, எனக்கும் துணை. இதில் எது முதலில் என் மனதில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

விசாவுக்கு விரல் ரேகை கொடுக்க அவள் கேரளத்தில் உள்ள மையத்துக்கு நேரில் போக வேண்டும். எனக்குக் கிடைத்த தேதி இத்தா காலத்துக்குள் விழுந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போதோ. புளியறை வழியாகக் கார் பிடித்தால் காலையில் கேரளத்துக்குள் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அசரத்திடம் கேட்டேன். கணவனை இழந்தவள் அவசியத்துக்காகப் பகலில் வெளியே போகலாம், இரவு அந்த வீட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்று நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்ட நூல்களில் இருப்பதாகச் சொன்னார். ஆனால் விசா அவசியமா, ஆசையா என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார். நான் இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை.

ஷேக் அண்ணன் கூடாது என்றார். தவணை முடியும்வரை அந்த வீட்டிலேயே இருக்கச் சொல்லி நபியவர்கள் ஒரு பெண்ணிடம் சொன்ன ஹதீஸை அதன் எண்ணோடு அனுப்பினார். நான் வேறொரு ஹதீஸைத் தேடியெடுத்து, அதில் ஒரு பெண் பகலில் பேரீச்சம்பழம் பறிக்கப் போனதைக் காட்டினேன். “அது தலாக் ஆனவ, புருசன் செத்தவ இல்ல. வாசிச்சுட்டு அனுப்புங்க” என்று பதில் வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் இது ஓடியது. பொதுவாகப் பிரியாணிப் படம் போடுகிறவர்கள் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அஃப்ரா, “உம்மா, நீங்க எது சரின்னு தேடல. ஓகே சொல்ற ஆளைத் தேடுறீங்க” என்றாள். அவளுக்கு ஒரு அறை விட்டிருக்கலாம். தேநீர் போடப் போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அக்காவின் குரல் மாறியிருந்தது.

“ஏட்டி, வீட்டை அளக்காங்க” என்றாள்.

“யாரு?”

“கொல்லத்துல இருந்து ரெண்டு பேரு. முத்தத்துல டேப்பைப் போட்டு மலையாளத்துல பேசுதாங்க. ஷேக்கு கூட நிக்கான். திரைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன்னு தெரிஞ்சே மெதுவாப் பேசுதாங்க.”

விசாரித்ததில் தெரிந்தது. வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப் பேச்சு முடிந்திருந்தது. இத்தா முடிகிற வாரத்துக்கு அடுத்த வாரம் வேலை ஆரம்பம். பிள்ளையில்லாதவரின் சொத்தில் தம்பிக்குப் பங்கு உண்டு, மனைவிக்கும் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. அக்காவுக்குரியதைக் கொடுத்துவிடுவதாகவும், அச்சன்புதூரில் தன் மாமனார் வீட்டு மாடியில் அவளுக்கு ஒரு அறை பார்த்து வைத்திருப்பதாகவும் ஷேக் அண்ணன் சொன்னார். கடைசி நாள்வரை இந்த வீட்டை விட்டு அசையக் கூடாது என்று ஹதீஸ் எண் அனுப்பியவர் அந்தக் கடைசி நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

போனில் கத்தினேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

“நசீமா, நான் என்ன களவாங்குதேனா? இருவது வருசம் பாலைவனத்துல கெடந்துட்டு வந்துருக்கேன். ரெண்டு பொம்பளப் பிள்ள கெட்டிக் குடுக்க நிக்குது. இங்கன எனக்கு என்ன வேல இருக்கு? பங்கு நான் கேட்டதில்ல, அல்லா குடுத்தது. மைனியத் தெருவுலயா விட்டுட்டேன்? நீங்களுந்தான் அவங்கள அங்க கூட்டிட்டுப் போவப் பாக்கிய.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் போனை வைத்தேன்.

5

பேசித் தீர்க்க அசரத்தை வரச் சொன்னது அக்காதான். ஷேக் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தாள். நானும் அஃப்ராவும் இங்கே மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கே போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அசரத் நாற்காலியில், ஷேக் அண்ணன் சுவரில் சாய்ந்து, நடுவில் திரை. வெளியே லவுட்ஸ்பீக்கரில் யாரோ மங்குஸ்தான் விற்றுக்கொண்டு போனார்கள்.

அசரத் என் விசா பயணத்தைப் பற்றித்தான் பேச வந்திருந்தார் போல. பகல், இரவு, அவசியம் என்று தொடங்கினார். அக்கா திரைக்குள்ளிருந்து நிறுத்தினாள்.

“அசரத், நான் வெளிய போலாமா கூடாதான்னு ரெண்டு மாசமா எல்லாரும் பேசிட்டிய. நான் ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளும்மா.”

“இத்தா வசனம் பகரா சூராவுலதான இருக்கு? அதுக்கு ஆறு வசனம் தள்ளி இன்னொண்ணு இருக்கு. ஷேக்கு குடுத்த குர்ஆன்லதான் வாசிச்சேன். புருசன் செத்தவளுக்கு ஒரு வருசத்துக்கு உள்ளதைக் குடுக்கணும், அவள வீட்ட விட்டு வெளியேத்தக் கூடாது, அவளாப் போனா குத்தமில்லன்னு போட்டுருக்கு. நான் தப்பா வாசிச்சுட்டனா?”

அஃப்ரா சட்டென்று தன் போனில் தேட ஆரம்பித்தாள்.

“தப்பில்ல” என்றார் அசரத். “ஆனா அந்தச் சட்டம் முதல்ல வந்தது. பொறவு நாலு மாசம் பத்து நாளுன்னு வந்துச்சு. சொத்துல பங்கும் வந்துச்சு. அதோட அது மாத்தப்பட்டுட்டுன்னு பெரும்பாலான இமாம்கள் சொல்லுதாங்க.”

“அதேதான் மைனி. மாத்தப்பட்ட சட்டம்” என்றார் ஷேக் அண்ணன்.

மூன்றாம் பாத்திஹாவில் வாசலில் நின்று முறைத்துக்கொண்ட இருவரும் ஒத்துப்போய் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“இமாம்கள் சொல்லுதாங்கன்னா சொல்லுதிய ஷேக்கு?” என்றாள் அக்கா. “இடையில ஒருத்தரும் வேண்டாம்னு நீங்கதான சொன்னிய. நானே வாசிச்சேன். மாத்திட்டேன்னு அதுல எங்கன இருக்குன்னு காட்டுங்க. நான் ஒத்துக்கிடுதேன்.”

ஷேக் அண்ணன் சுவரிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, “எங்காளுங்கள்லயே சிலபேரு அது மாறலன்னு சொல்லுதாங்க. கேட்டுச் சொல்லுதேன்” என்றார். ஒரு விஷயத்தை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அஃப்ராவால் பொறுக்க முடியவில்லை. “பெரியம்மா, நீங்க சொல்றதுதான் கரெக்ட். இன்னைக்கு நிறைய பேர் அப்படித்தான் படிக்கிறாங்க. இத்தா கடமை, வருஷம் உங்க உரிமை. அந்தக் காலத்துல புருஷன் செத்தா பெண்ணையே சொத்து மாதிரி எடுத்துப்பாங்க, அதை நிறுத்தத்தான்” என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

“நீ சும்மா இருட்டி. நீ என் பக்கம்னு தெரியும். நான் அசரத்தக் கேக்கேன்” என்றாள் அக்கா. அஃப்ரா முகம் சுண்டிப்போய்த் திரும்பி உட்கார்ந்தாள்.

“அசரத், அந்த வசனத்தத் தொழுகையில ஓதலாமா?”

“ஓதலாம்.”

“ஓதினா நன்மை உண்டா?”

“உண்டும்மா. ஒவ்வொரு எழுத்துக்கும் உண்டு.”

“அப்ப இந்த வீட்டுக்குள்ள உக்காந்து, என்னை இந்த வீட்டை விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு ஓதுவேன். நன்மை கெடைக்கும். ஓதி முடிச்சு எந்திரிச்சா, வாசல்ல ஜேசிபி நிக்கும். அப்படித்தான?”

அசரத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவர் படித்த நூல்கள் அவரைக் கைவிட்டுவிடக் கூடாதே என்று, அந்த நூல்களை ஒருநாளும் திறக்காத நான் தவித்தேன். மார்க்கத்தில் மூத்தவர் ஒருவர், பதில் இல்லாமல் திணறுவதை மகள் பார்க்கக் கூடாது என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது.

அவர் நிதானமாகச் சொன்னார்: “மதரசாவுல ஓதின காலத்துல ஒரு விரிவுரையில பாத்துருக்கேன். ரொம்பப் பழைய ஆளு சொன்னது. நாலு மாசம் பத்து நாள் அவ மேல கடமை; மிச்சமுள்ள மாசம் அவளுக்குள்ள உரிமை, விரும்பினா இருக்கலாம், விரும்பினாப் போலாம். ரெண்டு வசனமும் நிக்குதுன்னு. அது எங்க சட்டத்துல எடுக்கல. பரீட்சைக்குப் படிச்சோம், தாண்டிப் போயிட்டோம். இப்படி ஒரு பொம்பள திரைக்குப் பின்னால இருந்து கேப்பான்னு நெனைக்கல. நான் ஃபத்வா குடுக்க முடியாது ஷேக்கு. பங்கு உம்ம பங்குதான். ஆனா இந்த வசனத்த ஓதிட்டு இந்த வீட்டை இடிக்க துஆ கேக்க என்னைக் கூப்பிடாதிய.”

பிறகு நான் எதிர்பார்க்காதது நடந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“நசீமா, இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

“வெளியேத்தக் கூடாதுன்னு உள்ளது ஷேக்குக்கு மட்டும் இல்ல. ரெண்டு மாசமா என்னை எந்த ஊருல கொண்டு வைக்கலாம்னுதான் ஆளாளுக்குப் பேசுதிய. ஒருத்தி அயர்லாந்துங்கா, ஒருத்தன் அச்சன்புதூருங்கான். எங்கன இருக்கணும்னு என்னைக் கேட்டியாட்டி?”

கேட்கவில்லை. அவளுக்கு நல்லது என்று நூறு தடவை சொல்லியிருப்பேன், ஒரு தடவையும் கேட்கவில்லை. அழுகை வந்தது. மகள் பக்கத்தில் இருந்ததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, “இதுக்கு வகுப்புல பதில் இல்ல உம்மா” என்றாள்.

6

விரல் ரேகைத் தேதியை நான் ரத்து செய்தேன். ரத்து செய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காரணம் கேட்கும் கட்டம் கட்டாயம் இல்லை.

ஷேக் அண்ணன் பத்து நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டார்: அடுத்த சீசன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கொல்லத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம். ஹதீஸ் எண் எதுவும் இல்லை. கீழே பிரியாணிப் படம் போடுகிறவர்கள் வரிசையாகக் கட்டை விரல் காட்டினார்கள். அவரிடம் நன்றி சொல்லலாமா என்று யோசித்து, ‘அல்லா உங்க பிள்ளைங்களுக்கு நல்ல வழி காட்டட்டும்’ என்று மட்டும் எழுதினேன். இப்போது மாடி அறைகளை அவரே பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி. ஈரத்துணியைப் படியில் பிழிகிறவர்களிடம் அவரும் சண்டை போடுகிறாராம்.

எனக்கு நிம்மதி வந்துவிட்டதா என்றால் வரவில்லை. ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம்தான். அதற்குப் பிறகு பங்கு பங்குதான், வீடு இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அசரத் இன்னும் பழைய சட்டத்தைத்தான் சொல்வார், ஷேக் அண்ணன் இன்னும் ஆதாரம் கேட்பார், என் மகள் இன்னும் காரணம் கேட்பாள். நான் தொழுகையில் நின்றால் இப்போது ஓதுகிற ஒவ்வொரு வரிக்கும் பொருள் என்னவோ, அதில் யாருடைய வீடு இருக்கிறதோ என்று மனம் ஓடுகிறது. முன்பெல்லாம் நிம்மதியாக, ஒன்றும் புரியாமல் ஓதிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் அக்காவின் இத்தா முடிந்தது. பெண்கள் வந்து குளிக்க வைத்தார்கள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள்; மாமி ஒருத்தி பிடித்திருந்த போனில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். முறைப்படி அவளை வெளியே எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும். ஒருத்தி உறவுக்காரர் வீடு என்றாள், ஒருத்தி தர்கா என்றாள், ஷேக் அண்ணனின் மனைவி இரண்டுக்கும் ஆதாரம் இல்லை என்றாள். அக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு கடை வழியாக ரோட்டுக்கு இறங்கினாள். குற்றாலம் போகிற பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி உள்ளே வந்து, பெண்கள் எல்லோரும் இன்னும் வாசலில் நிற்கும்போதே கதவைச் சாத்திவிட்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் போனில் கேட்டது.

என் புது அட்டை போன வாரம் தபாலில் வந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். சந்தோஷப்பட்டாள். அஃப்ராவுக்கு என்ன சமைக்க வேண்டும், ரயான் இன்னும் பால் குடிக்கிறானா என்றெல்லாம் கேட்டாள். எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டாள், சொன்னேன். பேச்சு ஓய்ந்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

“வாட்டி” என்றாள். “தங்க வா. கூட்டிட்டுப் போவ வராத.”